சத்யா நனைத்த காகிதம்

போன மாதம் அபிராமி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு அந்தச் சிறப்புப் பள்ளியில் என் இடத்துக்கு வந்த டிராயிங் டீச்சர். பீரோவை ஒழித்தபோது என்னுடைய பழைய நோட்டு ஒன்று கிடைத்ததாம்.

"மிஸ், இதுல சத்யான்னு ஒரு பொண்ணு பேரு இருக்கு. 'காகிதத்தை நனைத்தல்'னு தலைப்பு போட்டு, தினம் எத்தனை தடவைன்னு எழுதியிருக்கீங்க. ஆரம்பத்துல ஒம்போது, பதினொண்ணுன்னு இருக்கு. நாலு மாசத்துல ஜீரோ ஆயிடுது. எப்படி மிஸ் ஜீரோவுக்குக் கொண்டு வந்தீங்க? என் கிளாஸ்லயும் ஒரு பொண்ணு இருக்கா. குடுக்குற பேப்பரையெல்லாம் கிழிச்சுடுறா. அந்த மெத்தட எனக்கும் சொல்லிக் குடுங்களேன்."

அடுப்பில் பால் இருக்கிறது, அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. ஓர் ஆளுக்குக் காலையில் ஒரு முறை பால் காய்ச்சினால் போதும். 

கும்பகோணத்தில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடிப் போர்ஷனில் இருக்கிறேன். என் வீட்டுக்காரர் சவுதியில் இருந்தார். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை இரண்டு மாதம் வருவார். இனி மொத்தமாக ஊரோடு வந்துவிட்டேன் என்று அவர் சொன்ன அடுத்த வருடம் போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளை இல்லை. யாரும் இரங்க வேண்டும் என்று இதைச் சொல்லவில்லை, எனக்கு இரக்கப்படுகிறவர்களைக் கண்டால் எரிச்சல் வரும். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முப்பது வருடத்துக்கு மேல் என் தொழிலே கை பிடிப்பதுதான். ஒரு நாளைக்கு இருபது பிள்ளைகளின் கையாவது என் கைக்குள் இருக்கும். ஓய்வு பெற்ற பிறகு என் கையை யாரும் பிடித்ததில்லை. மாதம் ஒரு தடவை பிரஷர் பார்க்கும் நர்ஸ் பிடிப்பாள், அதுவும் பட்டையைச் சுற்றுவதற்கு. சில நாள் பிரஷர் சரியாகத்தான் இருக்கிறது என்று தெரிந்தும் போவேன்.

அபிராமியிடம் போனில் சொல்ல முடியாததை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் பிறந்தது நாகூரில். வாப்பாவுக்குக் கடைத்தெருவில் துணிக்கடை. எனக்குக் கடல் தெரியும், கடைத்தெரு தெரியும். வயல் என்பது பஸ் ஜன்னலுக்கு வெளியே பச்சையாக ஓடுகிற ஏதோ ஒன்று, அவ்வளவுதான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். கும்பகோணத்தில் ஓவியம் படித்தேன். அதற்குப் பிறகு சிறப்புக் கல்விப் பயிற்சி ஒரு வருடம். படித்ததில் பாதி மறந்துவிட்டது, மீதியை மறப்பதற்குள் நன்னிலம் பக்கத்தில் ஒரு பள்ளியில் வேலை கிடைத்தது. ஆறு, ஏழு, எட்டாம் வகுப்பில் இருக்க வேண்டிய வயது, அறிவு வளர்ச்சி அதற்கு வெகுவாகப் பின்தங்கிய பிள்ளைகள். அப்போது பள்ளிப் பலகையில் எழுதியிருந்த வார்த்தையை இன்று யாரும் எழுதுவதில்லை, நல்லது.

எங்கள் தலைமையாசிரியை பத்மாவதி அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் எச்.எம். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. சத்தம் போட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். வகுப்பு முடிகிற நேரத்தில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவார். காய்கிற படங்களில் ஒன்றை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போவார். கழுத்தில் கயிற்றில் தொங்கும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அரிசியில் கல் பார்ப்பது போலப் பார்ப்பார். பிறகு ஒரே ஒரு கேள்வி.

"இதுல பிள்ளை எது, நீங்க எது?"

பெற்றோர் நாள் வந்தால் பிள்ளைகளின் படத்துக்கு டீச்சர்கள் கண், மூக்கு வைத்து முடித்துச் சுவரில் மாட்டுவது எங்கும் உள்ள வழக்கம். முதல் வருடம் நானும் ஒரு பிள்ளை அப்பிய பச்சையை நல்ல கிளியாக்கி வைத்திருந்தேன். எச்.எம். வழக்கமான கேள்வியைக் கேட்டார். பச்சை பிள்ளை போட்டது, மூக்கு, கண், கிளை, கொய்யாப்பழம் நான் போட்டது என்றேன்.

"அப்ப பாதிக்கு மேல நீங்கதான். பிள்ளை பேருக்குப் பக்கத்துல உங்க பேரையும் எழுதிடுங்க டீச்சர். நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல."

எழுத வைத்தார். அப்படியே மாட்டவும் வைத்தார். பெற்றோர்கள் நின்று நின்று படித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அன்று பஸ்ஸில் கும்பகோணம் வரை அழுதுகொண்டே வந்தேன். இனிமேல் எந்தப் பிள்ளை படத்திலும் என் பென்சில் ஒரு புள்ளி வைக்காது என்று சபதம் எடுத்தேன். அந்தச் சபதத்தைக் கடைசி வரை காப்பாற்றினேன். என் வகுப்புப் படங்கள் என் பென்சில் படாதவை என்பது எனக்குப் பெரிய கர்வம். ஆயா கூட என் வகுப்புக்குள் வரக்கூடாது, வந்தால் பிள்ளைகளுக்குத் தானே வரைந்து கொடுத்துவிடுவாள் என்று கதவைச் சாத்தி வைப்பேன்.

எங்கள் வேலை எப்படி நடக்கும் என்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். மேஜையில் பழைய செய்தித்தாள் விரித்து ஒட்ட வேண்டும். அதன் மேல் வெள்ளைக் காகிதத்தை நாலு மூலையிலும் டேப் போட்டு ஒட்ட வேண்டும், காகிதம் நகர்ந்தால் பிள்ளையின் கவனமும் நகர்ந்துவிடும். பிரஷ் காம்பில் துணி சுற்றித் தடியாக்க வேண்டும். போஸ்டர் கலரில் மைதாப் பசை கலந்தால் வழியாது. ஒரு நேரத்தில் ஒரு நிறம்தான் மேஜைக்கு வரும். பிறகு கை.

முதலில் பிள்ளையின் கை மேல் நம் கையை வைத்துப் பிடித்து, சேர்ந்து வரைய வேண்டும். சில வாரம் கழித்து மணிக்கட்டை மட்டும் பிடிக்க வேண்டும். பிறகு முழங்கையைத் தொட்டால் போதும். பிறகு தொடவே கூடாது, எங்கே என்று ஒரு விரலால் காட்டலாம். கடைசியில் விரலும் கிடையாது. கை, மணிக்கட்டு, முழங்கை, விரல், ஒன்றுமில்லை. பிடிப்பது யாருக்கும் வரும், எடுப்பதுதான் வேலை. ஒரு நாள் முந்தி எடுத்தால் பிள்ளை தடுமாறும். பிந்தி எடுத்தால் நம் கையிலேயே தங்கிவிடும். இதைப் பல பிள்ளைகளுக்கு நான் நன்றாகவே செய்திருக்கிறேன், பொய்யடக்கம் வேண்டாம்.

சத்யா வந்தபோது அவளுக்குப் பதின்மூன்று வயது. பக்கத்துக் கிராமம். அப்பா இல்லை, அம்மா வள்ளி வயல் வேலைக்குப் போகிறவர். சத்யாவுக்கு மொத்தம் நான்கைந்து வார்த்தைதான். அம்மா, தா, இல்ல, போ. ஆனால் அவளுக்கு நான் கை பிடிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

முதல் நாளே நான் ஒட்டியிருந்த டேப்பை நாலு மூலையிலும் உரித்தாள். காகிதத்தை எடுத்துக்கொண்டு தரையில் குந்தினாள். தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து காகிதத்தின் மேல் ஊற்றினாள். மண் நிறத்தை அள்ளிப்போட்டு உள்ளங்கையால் குழப்பினாள். பிறகு கையை நீட்டிப் படுக்க வைத்து, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு இழுத்து இழுத்துச் சமன் செய்தாள். அதற்குப் பிறகு எழுந்து வந்து பச்சையைக் கேட்டாள். "தா." மூன்று விரலைச் சேர்த்துப் பச்சையில் தொட்டு, தூரத்து ஓரத்திலிருந்து புள்ளி புள்ளியாக வரிசையாய் வைத்தாள். ஒரு வரிசை முடிந்ததும் குந்தியபடியே ஓர் அடி பின்னால் நகர்ந்தாள். காகிதம் முடிந்த பிறகும் அவள் முடிக்கவில்லை, வெறும் தரையில் வைத்துக்கொண்டே பின்னால் போனாள். சுவரில் முட்டிய பிறகுதான் நின்றாள். ஒரு நாள் இன்னொரு பிள்ளையின் கலர்த் தட்டு மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

காகிதம் ஊறிக் கூழாகிவிடும். எடுத்தால் கையோடு வந்துவிடும். ஒரு படம் கூடக் காய வைத்து மாட்ட முடியாது. நான் நோட்டை எடுத்தேன். "காகிதத்தை நனைத்தல். இருக்கையில் அமராமை. பின்புறமாக நகர்தல்." மூன்றும் தொந்தரவான நடத்தைகள், மூன்றையும் குறைக்க வேண்டும்.

பள்ளியில் வயல் தெரிந்தவர்கள் இருந்தார்கள். ஆயா நடவுக்குப் போய்க்கொண்டிருந்தவள்தான். கதவைத் திறந்து "இந்தப் பொண்ணு என்ன பண்றா, பாரு" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவள் சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பாள். நான் யாரையும் கேட்கிற ஜாதி இல்லை.

பெற்றோர் கூட்டத்தில் வள்ளியிடம் சொன்னேன். "எப்பிடியாச்சும் அவள ஒரு எடத்துல ஒக்கார வச்சுடுங்க டீச்சர், போதும். வயல்ல எறங்கிடுறா, பொழுதுக்கும் அவ பின்னாடி ஓட முடியல" என்றார். சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

முன்பக்கம் கட்டை போட்ட நாற்காலி ஒன்று எங்களிடம் உண்டு, உட்கார்ந்தால் சறுக்கி இறங்க முடியாது. அதில் உட்கார வைத்தேன். தண்ணீர் பாட்டிலை வகுப்புக்கு வெளியே வைத்தேன். ஐந்து நிமிடம் காகிதம் நனையாமல் இருந்தால் ஒரு துண்டு கடலை மிட்டாய். கை தரைப் பக்கம் போனால் மணிக்கட்டைப் பிடித்து மேஜைக்குக் கொண்டு வருவேன். அதட்டியதில்லை, அடித்ததில்லை. விதிப்படி செய்தேன். முதல் வாரம் சத்யா சத்தமில்லாமல் அழுதாள். கண்ணீர் தாடையிலிருந்து காகிதத்தில் சொட்டியது. அபிராமி, நீ படித்த அந்தப் பதினொன்றில் அதுவும் சேர்த்தி. கண்ணீரையும் நனைத்தல் என்றுதான் எழுதினேன்.

நான்காவது மாதம் பூஜ்யம் வந்தது. பூஜ்யத்தைச் சுற்றிச் சிவப்புப் பேனாவால் இன்னொரு வட்டம் போட்டேன்.

சத்யா நாற்காலியில் உட்கார்ந்து, அச்சடித்த மாம்பழக் கோட்டுக்குள், கோடு தாண்டாமல் மஞ்சள் பூசினாள். என் விரல் காட்டிய இடத்தில் ஆரம்பித்தாள், என் விரல் நின்ற இடத்தில் நிறுத்தினாள். திருவாரூரில் நடந்த ஒரு போட்டிக்கு அந்த மாம்பழத்தை அனுப்பினேன். எவர்சில்வர் தட்டு ஒன்று பரிசாக வந்தது. எச்.எம். அந்தப் படத்தை ஜன்னலோரம் கொண்டு போனபோது நான் கேள்விக்குக் காத்திருக்கவில்லை.

"எல்லாமே பிள்ளைதான் மேடம். நான் ஒரு புள்ளி வைக்கல."

அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியுது. உங்க கை எங்கயும் இல்ல." கண்ணாடியைக் கழற்றினார். "ஆனா பிள்ளையையும் காணுமே டீச்சர்."

பொறாமை என்று நினைத்தேன். நம் பிள்ளை பரிசு வாங்கினால் பத்து வார்த்தை பாராட்டினால் என்ன, வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும் என்று ஸ்டாஃப் ரூமில் பேசவும் பேசினேன்.

அந்த வருடம் சம்பா நடவு நேரத்தில் சத்யா ஒரு வாரமாகப் பள்ளிக்கு வரவில்லை. தட்டை நேரில் கொடுத்துவிட்டு, ஏன் வரவில்லை என்றும் பார்த்துவரலாம் என்று கிளம்பினேன். வீடு பூட்டியிருந்தது. வள்ளி வயலில் இருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். செருப்பை ஒரு கையிலும் தட்டை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு வரப்பில் நடந்தேன். நான் தள்ளாடுவதைப் பார்த்துப் பெண்கள் நிமிர்ந்து சிரித்தார்கள்.

"பாத்து வாங்க டீச்சர்! விழுந்தா உங்களையும் சேத்து நட்டுருவோம்!"

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே பார்த்தேன்.

பக்கத்து வயலில் மடையைத் திறந்து தண்ணீர் வைத்திருந்தார்கள். ஓர் ஆள் மாட்டின் பின்னால் நீளப் பலகை ஒன்றை இழுத்துக்கொண்டு ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குச் சேற்றைச் சமன் செய்துகொண்டிருந்தார். பரம்படிப்பது என்று பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். இந்த வயலில் மண் நிறத் தண்ணீர் சமமாக, காகிதம் போல் கிடந்தது. அதில் வரிசையாகக் குனிந்த பெண்கள். மூன்று விரலில் நாற்றைப் பிடித்துச் சேற்றில் ஊன்றினார்கள். ஒரு வரிசை முடிந்ததும் ஓர் அடி பின்னால் வைத்தார்கள். நட்டது கண்ணுக்கு முன்னால் இருக்க, முதுகுப் பக்கமாகவே நகர்ந்து நகர்ந்து வரப்பை நோக்கி வந்தார்கள். முன்னால் நடந்தால் நட்டதை மிதிக்க வேண்டும் அல்லவா.

தண்ணீர். சேறு. சமன். மூன்று விரல். பின்னால் ஓர் அடி. ஒன்று விடாமல் அத்தனையும் என் நோட்டில் இருந்தது. உலர்ந்த தரையில் யாராவது நடுவார்களா? இந்தச் சீமையில் ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தெரிந்த விஷயம். பட்டயம் வாங்கிய நாகூர்க்காரிக்குத் தெரியவில்லை.

சத்யா வரப்பு மேல் உட்கார்ந்திருந்தாள். முதுகு நேராக, இரண்டு கையும் மடியில். அவள் காலடியில் ஒரு கட்டு நாற்று கிடந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்ததும் என் வலது கையைப் பார்த்தாள், விரல் எங்கே காட்டும் என்று.

வள்ளி சேற்றுக் காலோடு கரை ஏறி வந்தார். தட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"முன்னெல்லாம் வூட்டு வாசல்ல தண்ணிய ஊத்தி, சேறாக்கி, புல்லப் புடுங்கி நட்டுக்கிட்டே கெடப்பா டீச்சர். ஆள் பாத்தா சிரிக்கிறதுக்குன்னே செய்வா. இப்ப ஒண்ணும் கெடையாது. ஒக்காருன்னா ஒக்காந்துக்குறா. நிம்மதியா வேலைக்கு வர முடியுது. நீங்க நல்லா இருக்கணும்."

என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அவர் கைச்சேறு என் கையில் காய்ந்தது. அவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். நன்றி சொல்கிறவரிடம் குற்றத்தை ஒப்புக்கொள்கிற தைரியம் எனக்கு இல்லை.

எச்.எம்.மிடம் மறுநாள் சொன்னேன். நோட்டை மேஜையில் வைத்தேன். அவர் ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"நம்ம வேலையில தப்பு சத்தம் போடாது டீச்சர். கைய மடியில வச்சுக்கிட்டு ஒழுங்கா உக்காந்துக்கும்" என்றார். நோட்டை மூடினார். "நானும்தான் பாத்தேன். எனக்கும்தான் தெரியல. அந்த நாற்காலிய எடுத்துருங்க."

எடுத்தேன். டேப் ஒட்டுவதை நிறுத்தினேன். தரையில் காகிதம் விரித்து, பக்கத்தில் தண்ணீர், மண் நிறம், பச்சை எல்லாம் வைத்து, "சத்யா, நடு" என்றேன். அவள் சம்மணம் போட்டு உட்கார்ந்து என் விரலைப் பார்த்தாள். நானே தண்ணீரை ஊற்றினேன். பதறிப்போய்ப் பாவாடையால் துடைத்தாள். துடைத்துவிட்டுக் கடலை மிட்டாய்க்குக் கையை நீட்டினாள்.

அதற்கு மேல் இரண்டு வருடம் அவள் எங்களிடம் இருந்தாள். ஆயாவை உள்ளே கூப்பிட்டு நட்டுக் காட்டச் சொன்னேன். நானே குந்திப் பின்னால் நகர்ந்து காட்டினேன், மற்றப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன. சத்யா பார்ப்பாள். பிறகு என் விரலைப் பார்ப்பாள். நான் விரலை முந்தானைக்குள் மறைத்துக்கொள்வேன். அவள் முந்தானையைப் பார்ப்பாள். வயது கடந்ததும் பள்ளியை விட்டு நின்றுவிட்டாள். கடைசி நாளும் ஒரு மாம்பழம் போட்டாள், கோடு தாண்டவில்லை.

எச்.எம். ஓய்வு பெற்றார், சில வருடத்தில் இறந்தும் போனார். நான் தினமும் அதே பஸ்ஸில்தான் போனேன், வந்தேன். சத்யாவின் ஊர் நிறுத்தம் வரும்போது கைப்பைக்குள் எதையாவது தேடிக்கொண்டிருப்பேன். ஒரு நாள் கூட இறங்கவில்லை. வேலை, வீடு, ஒத்தை ஆள் சமையல் என்று காரணம் சொல்லிக்கொண்டேன். ஒத்தை ஆள் சமையலுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

அபிராமி, நீ கேட்ட மெத்தட் இதுதான். அந்தப் பூஜ்யம் சத்யாவுடையது இல்லை, என்னுடையது. உன் பிள்ளை காகிதம் கிழிக்கிறாள் என்றால் எண்ணுவதற்கு முன் ஒரு தடவை அவள் வீட்டுக்குப் போய்விட்டு வா. வாழைநார் கிழித்துப் பூக்கட்டுகிற வீடாக இருக்கலாம். ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். ஒன்றும் இல்லை என்றால், இந்தக் கிழவி ஒரு நாள் அலைய வைத்தாள் என்று என்னைத் திட்டிக்கொள், பரவாயில்லை.

உனக்கு இதை எழுத ஆரம்பித்தபோது எனக்கே வெட்கமாகிவிட்டது. வீட்டுக்குப் போ என்று உனக்குச் சொல்கிறவள், தான் இருபது வருடமாகப் போகவில்லை. போன வாரம் சார்ட் பேப்பர் இரண்டு, மண் நிறம், பச்சை எல்லாம் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். அந்த நிறுத்தத்தில் இறங்கினேன்.

இப்போது தளம் போட்ட வீடு. வள்ளிக்கு முடி வெளுத்து, முழங்கால் போய்விட்டது. "யாரு, டிராயிங் டீச்சரா? என்ன இம்புட்டு எளச்சுப் போயிட்டீங்க? வாங்க, வாங்க" என்று சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

உள்ளேயிருந்து சத்யா வந்தாள். முப்பது தாண்டிய பெண். முடியைக் கட்டையாக வெட்டியிருந்தார்கள். என்னைச் சில நொடி பார்த்தாள். பிறகு உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். எனக்காக்கும் என்று நினைத்தேன். என் எதிரில் போட்டு அவளே உட்கார்ந்தாள். முதுகு நேராக. இரண்டு கையும் மடியில்.

தரையில் உட்கார்ந்தேன். சார்ட் பேப்பரை விரித்தேன். வள்ளியிடம் ஒரு சொம்பு தண்ணீர் கேட்டு வாங்கி ஊற்றினேன், மண் நிறத்தைக் கரைத்து, கையை நீட்டி இழுத்துச் சமன் செய்தேன். பச்சையைத் திறந்து வைத்தேன். என் இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன், ஒரு விரல் கூட வெளியே தெரியக்கூடாது என்று.

மண் நிறம் ஓரத்தில் காய ஆரம்பித்தது. மன்னித்துவிடு சத்யா என்று வாய்விட்டுச் சொன்னேன். அவளுக்கு அந்த வார்த்தை புரியாது. சொன்னது எனக்காகத்தான்.

அவள் நாற்காலியை விட்டு இறங்கினாள். என் பக்கத்தில் குந்தினாள். என் தொடைக்கடியிலிருந்து வலது கையை இழுத்து எடுத்தாள். என் கை மேல் தன் கையை வைத்தாள். கனமான, சூடான கை. என் மூன்று விரலைச் சேர்த்துப் பிடித்துப் பச்சையில் தொட்டு, காகிதத்தின் தூரத்து ஓரத்தில் ஊன்றினாள். பக்கத்தில் இன்னொன்று. இன்னொன்று. வரிசை முடிந்ததும் என்னைத் தோளால் இடித்துப் பின்னால் நகர்த்தினாள். முழங்கால் வலியோடு நகர்ந்தேன்.

இரண்டாவது வரிசையில் அவள் கை என் மணிக்கட்டுக்கு வந்தது. மூன்றாவதில் முழங்கையை மட்டும் தொட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த வரிசைக்கு ஒரு விரலை நீட்டி எங்கே என்று காட்டினாள். காட்டிய இடத்தில் வைத்தேன். அவள் விரல் நகர்ந்தது, நானும் நகர்ந்தேன். அதற்கடுத்த வரிசையில் பாதி வந்த பிறகுதான் விரலும் இல்லை என்று கவனித்தேன். திரும்பிப் பார்த்தேன். சத்யா வாசலில் கோழிகளுக்கு நொய் இறைத்துக்கொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

சரியான நேரத்தில் எடுத்துவிட்டாள். ஒரு நாள் முந்தியும் இல்லை, பிந்தியும் இல்லை. ஆனால் என் கைக்கு இன்னும் கொஞ்ச நேரம் வேண்டியிருந்தது. இதில் பிள்ளை எது, நீங்கள் எது என்று எச்.எம். கேட்டிருந்தால் எனக்கு அன்று பதில் தெரிந்திருக்காது.

வள்ளி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். காகிதத்தைப் பார்த்தார், தரையில் குந்தியிருந்த என்னைப் பார்த்தார்.

"என்ன டீச்சர், நீங்க மட்டும் தனியா நட்டுக்கிட்டு கெடக்குறீங்க? எந்திரிங்க, டீ போட்டுட்டேன். கை குடுக்கட்டுமா?"

"இருங்க வள்ளி," என்றேன். "இன்னும் ரெண்டு வரிசை இருக்கு." ஓர் அடி பின்னால் நகர்ந்தேன்.